சக்தி சிப் எந்த மொழியில் எழுதப்பட்டது, ஏன்?



பௌர்ணமி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமையும் ஒரு கஷ்டமும் உண்டு. பெருமை, நாடே நம் ஊரைத் தேடி வருகிறது. கஷ்டம், சாயங்காலத்துக்கு மேல் தெருவில் வண்டி எடுக்க முடியாது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைதான். அப்படி ஒரு பௌர்ணமி இரவில் நானும் பெரியப்பா மகன் அண்ணனும் மொட்டை மாடியில் அடைந்து கிடந்தபோது ஆரம்பித்த பேச்சுதான் இந்தக் கட்டுரை.

அண்ணன் இசிஇ கடைசி வருடம். நான் பி.காம். அவருக்கு ஃபிளிப்-ஃபிளாப் தெரியும், எனக்கு டெபிட் கிரெடிட் தெரியும். இரண்டு பேரும் அவரவர் பாடத்தைப் பற்றிப் பேசினால் மற்றவருக்குத் தூக்கம் வரும். அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அவர் கேட்ட கேள்வி.

"ஏன்டா, சக்தி ப்ராசசர் நம்ம சென்னைல செஞ்சது. கோடு முழுக்க இன்டர்நெட்ல இருக்கு, யார் வேணா எடுத்துக்கலாம்ங்கறாங்க. ஆனா அதை எழுதியிருக்கற மொழி எங்க சிலபஸ்லயே இல்ல. எல்லாருக்கும்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாத மொழியில ஏன் எழுதுனாங்க?"

நியாயமான கேள்விதானே? பதில் தேடப் போய் ஐம்பது வருடக் கதைக்குள் மாட்டிக்கொண்டேன். தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், இது எனக்கே இரண்டு நாள் புரியவில்லை. சர்க்யூட் வடிவமைப்பில் "மொழி" என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, சர்க்யூட்டை விவரிக்கும் மொழி. இன்னொன்று, அந்த விவரத்தைப் படித்து வேலை செய்யும் மென்பொருள் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது. எங்கள் பாஷையில் சொன்னால், டேலியில் நாம் போடும் வவுச்சர் ஒரு சமாச்சாரம், டேலி என்கிற மென்பொருளையே எழுதிய மொழி வேறு சமாச்சாரம். சர்க்யூட் உலகத்தில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றை ஒன்று இழுக்கும். அந்த இழுபறிதான் முக்கால்வாசிக் கதை.

ஆரம்பம் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். 1970 வாக்கில் ரான் ரோரர் என்ற பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்களைக் கொண்டே ஒரு சர்க்யூட் சிமுலேட்டர் எழுத வைத்தார். அதன் பெயரின் சுருக்கம் 'கேன்சர்'. விளையாட்டு இல்லை, நிஜமாகவே அதுதான் பெயர். விரிவாக்கத்தின் கடைசியில் 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று பொருள்படும் சொற்கள் வரும். அந்தக் காலத்தில் இந்த மாதிரி மென்பொருள்கள் பெரும்பாலும் ராணுவப் பணத்தில் எழுதப்பட்டவை. அணுக் கதிர்வீச்சில் சர்க்யூட் தாங்குமா என்று பார்ப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. வியட்நாம் போரை எதிர்த்துக் கொண்டிருந்த பெர்க்லியில் பெயரிலேயே ஒரு குத்து வைத்தார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் லாரன்ஸ் நேகல். அவர் அடுத்து டொனால்ட் பீடர்சன் என்ற பேராசிரியரிடம் போனார். பீடர்சன் போட்ட நிபந்தனை, மென்பொருள் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது, பொதுவில் விட வேண்டும் என்பது. அப்படித் திருத்தி எழுதப்பட்டு 1973ல் வெளிவந்ததுதான் ஸ்பைஸ். இன்றைக்கும் எந்த இசிஇ மாணவரும் ஸ்பைஸைத் தொடாமல் பட்டம் வாங்க முடியாது.

ஸ்பைஸ் எழுதப்பட்ட மொழி ஃபோர்ட்ரான். அழகான மொழி என்பதற்காக எடுத்ததில்லை. அன்றைக்கு விஞ்ஞானக் கணக்குப் போடும் எந்தக் கம்ப்யூட்டர் நிலையத்துக்குப் போனாலும் ஃபோர்ட்ரான் கம்பைலர் இருக்கும். காந்த நாடாவில் பிரதி எடுத்துக்கொண்டு போனால் போன ஊரில் ஓடும். கம்பெனிகளும் கல்லூரிகளும் அப்படித்தான் எடுத்துப் போனார்கள். இலவசம் என்பது ஒரு காரணம், போன இடத்தில் ஓடும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது இல்லாமல் முதலாவது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது சந்தேகம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சக்தி கதையில் திரும்ப வரும்.

பிறகு யூனிக்ஸ் மெஷின்கள் வந்து சி மொழி பரவியதும் ஸ்பைஸையும் சி-யில் திருப்பி எழுதினார்கள். தாமஸ் குவார்ல்ஸ் எழுதிய அந்த ஸ்பைஸ்3 வெளியானது 1989ல். இப்போது லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் என்ஜிஸ்பைஸ் அதன் வாரிசு. ஆனால் பழைய வாசனை போகவில்லை. ஃபோர்ட்ரான் காலத்தில் நிரலையும் தகவலையும் துளையிட்ட அட்டைகளில் கொடுப்பார்கள். அதனால் ஸ்பைஸுக்குக் கொடுக்கும் கோப்பை இன்னமும் 'டெக்', அதாவது அட்டைக் கட்டு என்கிறார்கள். முதல் அட்டை தலைப்பு. இன்றைக்கும் முதல் வரியில் எதை எழுதினாலும் ஸ்பைஸ் அதைத் தலைப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். அண்ணன் முதல் முறை எழுதியபோது பேட்டரியை முதல் வரியில் வைத்துவிட்டு, ஏன் எல்லா இடத்திலும் சைபர் வோல்ட் வருகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாராம். அவர் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் வழக்கொழிந்த அட்டை அவருடைய பேட்டரியை விழுங்கிவிட்டது!

அடுத்த கதையும் பெர்க்லிதான். 1980களில் ஜான் ஆஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியரும் மாணவர்களும் சிப் வரைவதற்கு மேஜிக் முதலான பல மென்பொருள்களை எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் பயனர் கட்டளை கொடுக்க ஒரு குட்டி மொழி தேவைப்பட்டது. முக்கிய வேலை சிப் வரைவது என்பதால் இந்தக் குட்டி மொழியை யாரும் கவனித்துச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தினுசு, எல்லாமே அரைகுறை. எந்த மென்பொருளுக்குள்ளும் செருகிக்கொள்ளக்கூடிய ஒரே கட்டளை மொழியைச் செய்தால் என்ன என்று யோசித்து ஆஸ்டர்ஹவுட் 1988ல் எழுத ஆரம்பித்ததுதான் டிசிஎல். அதாவது சர்க்யூட் மென்பொருளுக்கு மொழி தேடிப் போய், கிடைக்காமல், புது மொழியே பிறந்துவிட்டது. மற்ற இடங்களில் டிசிஎல் பெயரை இன்று அதிகம் கேட்க முடியாது. சிப் வடிவமைப்பில் மட்டும் ராஜாவாக இருக்கிறது. கேடன்ஸ், சினாப்சிஸ் மாதிரி பெரிய கம்பெனிகளின் மென்பொருளை இயக்கவும் டிசிஎல்தான், அமெரிக்க அரசுப் பணத்தில் 2018ல் ஆரம்பித்த ஓப்பன்ரோடு என்ற திறமூலத் திட்டத்திலும் டிசிஎல் இருக்கிறது. ஒரு துறை ஒரு மொழிக்குப் பழகிவிட்டால் வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். ஸ்விட்சிங் காஸ்ட் என்று எங்கள் புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

இனி சர்க்யூட்டை விவரிக்கும் மொழிகள். இங்கே எங்கள் காமர்ஸ் மூளைக்கு வேலை இருக்கிறது.

1980களில் இரண்டு மொழிகள் போட்டி போட்டன. ஒன்று விஎச்டிஎல். அமெரிக்க ராணுவத் துறை கேட்டு வாங்கியது, அந்தத் துறையின் செல்லப் பிள்ளையான ஏடா மொழியின் சாயலில் செய்தது, 1987லேயே ஐஇஇஇ தரமாகிவிட்டது. இன்னொன்று வெரிலாக். இது ஒரு தனியார் கம்பெனியின் சரக்கு. கம்பெனியின் பெயர் கேட்வே டிசைன் ஆட்டோமேஷன், நடத்தியவர் கான்பூர் ஐஐடியில் படித்த பிரபு கோயல், மொழியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஃபில் மூர்பி. சி மொழி தெரிந்தவருக்கு வெரிலாக் பார்த்ததும் பிடித்துவிடும். ஆனால் கேட்வேயிடம்தான் வாங்க வேண்டும்.

1989ல் கேட்வேயைக் கேடன்ஸ் வாங்கியது. காசு கொடுத்து வாங்கிய மொழியை அடுத்த வருடமே பொதுவில் விட்டது! தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. விஎச்டிஎல் யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம், ராணுவம் வேறு பின்னால் நிற்கிறது. வெரிலாக்கைப் பூட்டியே வைத்திருந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மொழியைத் திறந்துவிட்டு, அதை ஓட்டும் மென்பொருளில் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பலித்தது. 1995ல் வெரிலாக்கும் ஐஇஇஇ தரமானது. இன்று நம் கல்லூரி லேபில் மாணவர்கள் வெரிலாக் எழுதுவதற்கு அந்த 1990ம் வருட வியாபார முடிவு ஒரு பெரிய காரணம்.

மொழி பொதுவானதால்தான் திறமூல மென்பொருள் வர வழி பிறந்தது. ஸ்டீஃபன் வில்லியம்ஸ் வெரிலாக்குக்கு இக்காரஸ் என்ற சிமுலேட்டரை சி++ மொழியில் எழுதினார். ட்ரிஸ்டன் ஜிங்கோல்ட் விஎச்டிஎல்லுக்கு ஜிஎச்டிஎல் என்ற ஒன்றை எழுதினார், எந்த மொழியில் தெரியுமா? ஏடாவில். ஏடாவைப் பார்த்துச் செய்த மொழிக்கு ஏடாவிலேயே கம்பைலர். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தின மாதிரி பொருத்தம். ஆனால் ஏடா தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. அப்படியும் இத்தனை வருடம் அந்தத் திட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். "பிரபலமான மொழியில் எழுதினால்தான் பிழைக்கும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் ஜிஎச்டிஎல்லைக் காட்டலாம்.

எதிர்ப் பக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. 1998ல் அலெஷ் வெஸ்டா ஆரம்பித்த ஜெடா என்ற திறமூல சர்க்யூட் வரைவுத் தொகுப்பு. அடித்தளம் சி மொழி, உள்ளே விரிவாக்க மொழியாக ஸ்கீம் என்னும் லிஸ்ப் வம்சத்து மொழி. வரைந்த சர்க்யூட்டிலிருந்து இணைப்புப் பட்டியல் எடுக்கும் பகுதிகளை ஸ்கீமில் எழுத வேண்டும். ஸ்கீம் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கோ அத்தனை அடைப்புக்குறியைப் பார்த்ததும் தலை சுற்றும். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், 2016 இறுதியில் லெப்டன் என்ற பெயரில் ஒரு கிளை பிரிந்தது. லெப்டன் ஸ்கீம் பக்கம் இன்னும் ஆழமாகப் போனது, மூல ஜெடாவில் அதே பட்டியல் எடுக்கும் பகுதியைப் பைத்தானில் திருப்பி எழுதினார்கள். ஏற்கெனவே ஆள் குறைவு, அதிலும் ஆளுக்கொரு மொழி.

அதே நேரத்தில் பிரான்சில் ழான்-பியேர் ஷரா 1992ல் ஆரம்பித்த கைகேட் சத்தமில்லாமல் சி++ மொழியில் வளர்ந்தது. பிறகு ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் ஆட்களைக் கொடுத்து உதவியது. உள்ளே ஸ்கிரிப்ட் எழுதப் பைத்தான் வைத்தார்கள். இன்று திறமூல பிசிபி மென்பொருள் என்றாலே கைகேட்தான். மொழி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், செர்னின் உதவி பெரிது. ஆனால் உதவி செய்ய வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்கவில்லை. ஒரு வேடிக்கை, கைகேட் தன் கோப்புகளைச் சேமிக்கும் வடிவம் லிஸ்ப் பாணி அடைப்புக்குறிகள்தான். முன் வாசலில் விடாத விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிட்டார் :-)

சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். சக்தி.

சென்னை ஐஐடியின் கணினித் துறையில் ரைஸ் என்று ஒரு ஆய்வுக் குழு இருக்கிறது. பேராசிரியர் காமகோடி (2022 முதல் ஐஐடியின் இயக்குநரும் அவர்தான்) தலைமையில் 2014 வாக்கில் அங்கே ஆரம்பித்தது சக்தி ப்ராசசர் திட்டம். பெர்க்லியிலிருந்து வந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டாம். வடிவமைப்பின் மூலநிரலை பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார்கள். எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். 2018ல் முதல் சிப்பை அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நேனோமீட்டரில் செய்தார்கள், அதே வருடம் இன்னொன்றைச் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள எஸ்சிஎல் ஆலையில் 180 நேனோமீட்டரில் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் என்ற சிப்பை அறிவித்தார்கள், அதற்கும் அடிப்படை சக்திதான்.

இதெல்லாம் எழுதப்பட்டது வெரிலாக்கிலும் இல்லை, விஎச்டிஎல்லிலும் இல்லை. ப்ளூஸ்பெக் என்ற மொழியில்.

ப்ளூஸ்பெக்கின் பூர்வீகம் கொஞ்சம் விசித்திரம். எம்ஐடியில் அர்விந்த் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2024 ஜூனில் காலமானார். இவரும் கான்பூர் ஐஐடி. பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும் கம்ப்யூட்டரை எப்படிச் செய்வது, எப்படி அதற்கு நிரல் எழுதுவது என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. 2000ல் சாண்ட்பர்ஸ்ட் என்ற சிப் கம்பெனியை ஆரம்பித்தார். அங்கே லெனார்ட் ஆகஸ்ட்சன் என்ற ஸ்வீடன்காரர் சிப் எழுத ஒரு மொழியும் கம்பைலரும் செய்தார். அவர் ஹாஸ்கெல் மொழி உலகத்தில் பெரிய ஆள். அதனால் புது மொழியும் ஹாஸ்கெல் மாதிரியே இருந்தது, கம்பைலரும் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. 2003ல் இதற்கென்றே ப்ளூஸ்பெக் என்ற தனிக் கம்பெனி பிறந்தது, ரிஷியூர் நிகில் அதன் தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவர்.

சந்தைக்குக் கொண்டுபோனால் சிப் எஞ்சினியர்களுக்கு ஹாஸ்கெல் வாடையே ஆகவில்லை. என்ன செய்தார்கள்? உள்ளே இருப்பதைத் தொடாமல், மேல் சட்டையை மட்டும் சிஸ்டம்வெரிலாக் மாதிரி மாற்றித் தைத்தார்கள். பிஎஸ்வி என்று பெயர். சக்தி எழுதப்பட்டது இந்த மேல் சட்டை போட்ட மொழியில்தான். வாடிக்கையாளருக்குப் பழகிய பாக்கெட்டில் புதுச் சரக்கைப் போட்டு விற்பது எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் தாராளமாக வரும்.

அந்தச் சரக்கு என்ன? அண்ணன் அரை மணி நேரம் விளக்கினார். எனக்குப் புரிந்ததைக் கணக்குப் பாஷையில் சொல்கிறேன். வெரிலாக்கில் எழுதுபவர் ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் எந்த ரெஜிஸ்டரில் எது எழுதப்படும் என்பதைத் தானே கவனித்து எழுத வேண்டும். பெரிய சர்க்யூட்டில் ஒரே இடத்தைப் பல வேலைகள் ஒரே நேரத்தில் தொடப் பார்க்கும். அங்கேதான் தப்பு நடக்கும். ப்ளூஸ்பெக்கில் 'விதிகள்' எழுதுகிறோம். ஒரு விதி நடந்தால் முழுசாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. குறிப்பேட்டில் பற்று எழுதிவிட்டு வரவு எழுதாமல் எழுந்து போக முடியாது இல்லையா, அது மாதிரி. இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் கை வைத்தால் யார் முந்தி என்று கம்பைலர் முன்கூட்டியே தீர்த்து, அதற்கான சர்க்யூட்டையும் சேர்த்துவிடுகிறது. கடைசியில் வெளியே வருவது சாதாரண வெரிலாக்தான். அதை மற்ற மென்பொருள்களிடம் கொடுத்துச் சிப்பாக்கலாம்.

கையளவு ஆராய்ச்சி மாணவர்களை வைத்துக்கொண்டு, சின்னக் கன்ட்ரோலர் முதல் பெரிய ப்ராசசர் வரை ஒரு குடும்பமே செய்ய நினைத்த குழுவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பகுதியை அளவு மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் இந்த மொழியில் வசதி அதிகம். பெர்க்லிக்காரர்களும் இதே மாதிரிக் காரணங்களுக்காக வெரிலாக்கை விட்டு வெளியே வந்தார்கள். 2012ல் அவர்கள் வெளியிட்ட சிசெல் என்ற மொழி ஸ்காலா என்ற நிரல்மொழிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். சிசெல் ஆரம்பத்திலிருந்தே திறமூலம். ப்ளூஸ்பெக் கம்பைலர் அப்படி இல்லை, காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய வியாபாரச் சரக்கு. பல்கலைக்கழகங்களுக்குத் தனி ஏற்பாட்டில் கொடுத்தார்கள். ஐஐடிக்கு அது போதும். இங்கிருந்து 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐஐடியின் மூலநிரலை 2018ல் எங்கள் ஊர் மாணவர் ஒருவர் இறக்கிக்கொண்டிருந்தால், அவர் கையில் இருந்திருப்பது படிக்கக்கூடிய, ஆனால் கம்பைல் செய்ய முடியாத கோப்புகள். கம்பைலர் துப்பிய வெரிலாக்கை வாங்கி ஓட்டிப் பார்க்கலாம்தான். அதைத் திருத்தி எழுத முடியாது, மெஷின் எழுதிய எழுத்து மனிதர் திருத்தும்படி இருக்காது. சமையல் குறிப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு அடுப்பைப் பூட்டி வைத்த கதை.

இதைச் சக்தி குழுவின் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தது இரண்டு வழி. எல்லோருக்கும் தெரிந்த வெரிலாக்கில் எழுதினால் வாசல் அகலம், ஆனால் அந்தச் சின்னக் குழுவால் அவ்வளவு வேலையை முடித்திருக்க முடியுமா? ப்ளூஸ்பெக்கில் எழுதினால் வேலை முடியும், ஆனால் உள்ளே வர ஆள் குறைவு. அவர்கள் வேலை முடியும் வழியை எடுத்தார்கள். சிப் வந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் 'திறந்தது' என்ற சொல்லை அந்த ஆறு வருடங்களுக்குப் பயன்படுத்தும்போது ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டுக் கீழே விளக்கம் எழுத வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் எழுதுவோமே, அது மாதிரி.

அந்த நட்சத்திரக் குறி 2020ல் நீங்கியது. அந்த வருட ஆரம்பத்தில் ப்ளூஸ்பெக் கம்பெனி கம்பைலரின் முழு மூலநிரலையும் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டது. கேடன்ஸ் 1990ல் மொழியை மட்டும் திறந்து மென்பொருளைப் பூட்டியே வைத்திருந்தது. இவர்கள் மென்பொருளையே திறந்துவிட்டார்கள். இப்போது சக்தியின் சி-கிளாஸ் ப்ராசசரை யார் வேண்டுமானாலும் தன் லேப்டாப்பில் வெரிலாக்காக மாற்றலாம், இக்காரஸ் மாதிரி ஒன்றில் ஓட்டலாம். முழுவதும் கட்டற்ற மென்பொருள், ஒரு பைசா உரிமக் கட்டணம் கிடையாது.

பிரச்சனை தீர்ந்ததா? பாதி. கம்பைலர் ஹாஸ்கெலில் இருக்கிறது. சக்தியில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருத்த ப்ளூஸ்பெக் தெரிந்தால் போதும். கம்பைலரிலேயே குறை என்றால் ஹாஸ்கெலும் தெரிய வேண்டும். சிப்பும் தெரிந்து ஹாஸ்கெலும் தெரிந்தவர்களைக் கூட்டினால் எத்தனை பேர் தேறுவார்கள்? ஆனால் ஹாஸ்கெல் வேண்டாம் என்று 2000ல் முடிவெடுத்திருந்தால் அந்த மொழியே பிறந்திருக்காது. விதிகளை ஆராய்ந்து வரிசைப்படுத்தும் மாதிரி வேலைக்கு ஹாஸ்கெல் மிகவும் தோதானது என்கிறார்கள். எழுதுபவருக்கு வசதியான மொழியும் பின்னால் வருபவருக்கு வசதியான மொழியும் ஒன்றாக அமைவதில்லை. கம்பைலரோடு வரும் துணைக் கருவிக்குக் கட்டளை மொழி எது என்று பார்த்தேன். டிசிஎல்! ஆஸ்டர்ஹவுட் இங்கேயும் வந்துவிட்டார்.

இன்னொரு இந்திய உதாரணம் சொல்லிவிடுகிறேன். மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம், மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. அவர்கள் செய்த சர்க்யூட் மென்பொருள் இசிம், முதலில் ஆஸ்கேட் என்று பெயர். இதில் அவர்கள் புதிதாகச் சிமுலேட்டர் எழுதவில்லை. சி++ கைகேட், சி என்ஜிஸ்பைஸ், ஏடா ஜிஎச்டிஎல் என்று உலகம் ஏற்கெனவே செய்து வைத்ததை எடுத்துப் பைத்தானால் ஒட்டினார்கள். ஒட்டுப் போட்ட வேலை என்று அண்ணன் முதலில் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் சில மாதம் இன்டெர்னாக வந்து போகும் கல்லூரி மாணவர்கள். இன்றைக்கு வந்து அடுத்த வாரம் ஏதாவது எழுத வேண்டும் என்றால் பைத்தானை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வேகம் தேவைப்படும் கணக்கை என்ஜிஸ்பைஸ் பார்த்துக்கொள்கிறது. சக்தி குழு சில வருடம் தங்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கேற்ற மொழியை எடுத்தது, ஃபாஸி சில மாதம் தங்கும் மாணவர்களுக்கேற்றதை எடுத்தது. இரண்டுமே ஆள் கணக்கைப் பார்த்து எடுத்த முடிவுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் ஒப்பித்தேன். அவருக்கு வேறு கவலை. ப்ராஜெக்டை ப்ளூஸ்பெக்கில் செய்கிறேன் என்று கைடிடம் கேட்டாராம். "தாராளமாகச் செய், ஆனால் நீ நடுவில் மாட்டிக்கொண்டால் இந்தக் கல்லூரியில் யாரிடம் போய்க் கேட்பாய்?" என்றாராம் அவர். அண்ணனிடம் பதில் இல்லை. ப்ராஜெக்டை வெரிலாக்கில் முடித்தார்.

ஆனால் கம்பைலரையும் இறக்கி வைத்திருக்கிறார். அடுத்த பௌர்ணமிக்கும் மொட்டை மாடிதான். கீழே நமச்சிவாய சத்தமும் சுண்டல் வண்டி மணியும். ராத்திரி ஒரு மணி இருக்கும், லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். பத்து வரிக்கு ஒரு குட்டி நிரல், இரண்டு விதிகள், இரண்டும் ஒரே ரெஜிஸ்டரில் எழுதப் பார்க்கின்றன. கம்பைலர் ஒரு எச்சரிக்கை போட்டிருந்தது, இந்த விதி அந்த விதியை விட அவசரம் என்று எடுத்துக்கொண்டேன், சரிதானா என்கிற மாதிரி.

"இது என்ன சொல்லுதுன்னு தெரியுதா?" என்றார்.

"ரெண்டு குமாஸ்தா, ஒரே பேரேடு" என்றேன்.